தூக்கத்தில் பல் கடிக்கிறார்: ரப்பர் கார்டு ஓட்டையாகிவிட்டது, அடுத்தது கெட்டி கார்டா?

தல்லாகுளம்_வாசகி

கேள்வி என் கணவருக்காக. வயது 41. தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறார், பக்கத்து அறை வரை கேட்கிறது. காலையில் இரண்டு நெற்றிப்பொட்டும் வலி, வாயை அகலத் திறக்க அரை மணி நேரம் ஆகிறது. கீழே வலப்பக்கக் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனால் செய்து கேப் போட்டிருக்கிறது. மேலே இடப்பக்கம் பழைய ஃபில்லிங்கின் ஓரம் பெயர்ந்திருக்கிறது, இன்னும் சரிசெய்யவில்லை. குறட்டையும் உண்டு.

அளவெடுத்து மேல்பல்லுக்கு ஒரு கார்டு (guard, தூங்கும்போது பல்வரிசை மேல் மாட்டும் உறை) செய்து கொடுத்தார்கள். ரப்பர் மாதிரி வளையும், 2 மி.மீ. தகடு. நான்கே மாதத்தில் கடைவாய்ப் பக்கம் இரண்டு இடத்தில் ஓட்டை. முதல் வாரம் கொஞ்சம் தேவலை என்றார், பிறகு காலை வலி முன்பைவிடக் கூடிவிட்டது. இப்போது கெட்டியான கார்டு செய்யலாம் என்கிறார்கள்.

கெட்டி கார்டு போட்டால் கேப் உடைந்துவிடாதா? மேல்பல்லுக்கா, கீழ்ப்பல்லுக்கா? வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவம் கொடுக்கும் ரெடிமேட் கார்டு ஆன்லைனில் கிடைக்கிறதே, அது போதாதா? செய்துகொள்ளும்போது நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

செயற்கைப்பல்_மருத்துவர்

ஓட்டை விழுந்த இடம் கடைவாய் என்று சொன்னீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது.

கீழ்த்தாடை ஒரு கதவு மாதிரி. காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டுதான் கீல். கதவிடுக்கில் ஒரே கனமுள்ள அட்டையை நீளவாக்கில் வைத்து மூடினால் கீலுக்குப் பக்கத்தில்தான் முதலில் நெரியும். ரப்பர் தகடும் அப்படித்தான். முன்பல் முதல் கடைசிப் பல் வரை ஒரே கனம். வாயை மூடும்போது கடைசி ஒன்றிரண்டு பற்கள் முட்டி நின்றுவிடும், முன்பற்கள் தொடவே தொடாது. இரவு முழுக்கச் சுமை அந்த இடத்திலேயே. வெந்நீர் கார்டும் இதே ரகப் பொருள்தான். அதில் கனம் எங்கே எவ்வளவு என்பதே யார் கையிலும் இல்லை. விளையாட்டுக்குப் போடுவது வேறு விஷயம், வெளியிலிருந்து வரும் அடியைத் தாங்க அது போதும்.

ரப்பரைப் பர் (சுழலும் சின்ன வெட்டுமுனை) வைத்துச் செதுக்கிச் சரிசெய்யவும் முடியாது. சூடேறிப் பிசுபிசுத்து இழுபடும். போதாததற்கு, மெத்தென்று ஏதாவது பல்லுக்கு நடுவில் இருந்தால் சிலருக்குக் கன்னத் தசை மெல்லுவது போல இன்னும் அதிகமாக வேலை செய்யும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. ஆனால் முதல் வாரம் தேவலை, பிறகு வலி கூடியது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் கணவருக்கு இந்த ரகம் ஒத்துவரவில்லை என்றே நினைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கார்டும் பல் கடிப்பதை நிறுத்தாது. முதல் சில வாரங்கள் குறைந்த மாதிரி இருக்கும், பெரும்பாலும் பழைய அளவுக்கே திரும்பும். பல்லும் கேப்பும் ஃபில்லிங்கும் தேய்வதற்குப் பதிலாகக் கார்டு தேயும், சுமை எல்லாப் பல்லுக்கும் பங்காகும். அதற்குத்தான் அது. ஆறு மாதம் கழித்துக் கார்டின் மேல் பளபளவென்று தேய்மானத் தடம் தெரிந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள்.

கெட்டி கார்டில் கேப் உடையுமா என்றால், சரியாகக் கடி அமைத்த கார்டில் அந்தப் பயம் வேண்டாம். கெட்டி அக்ரிலிக்கின் (ஒரு வகைக் கடினப் பிளாஸ்டிக்) மேற்பரப்பு வழவழவென்று சமதளமாக இருக்கும். கீழ்ப்பல் ஒவ்வொன்றின் முனையும் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் அதைத் தொடும். தாடை பக்கவாட்டில் நகர்ந்தால் கோரைப்பல் மட்டும் ஒரு சரிவில் ஏறும், கடைவாய்ப் பற்கள் எல்லாம் விலகிவிடும். கோரைப்பல்லின் வேர்தான் வாயிலேயே நீளமானது, பக்கவாட்டு இழுப்பை அது தாங்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராம்ஃபியோர்டும் ஆஷும் வகுத்த வடிவம் இது. மிச்சிகன் ஸ்பிளின்ட் என்று கேட்டால் எந்தப் பல் டாக்டருக்கும் புரியும்.

பொதுவாக மேல்பல்லுக்குச் செய்வதே வழக்கம். கீழே பற்கள் சில இல்லாமல் இருந்தாலோ, மேல்கார்டு போட்டதும் குமட்டல் வந்தாலோ கீழே செய்வோம். எந்தத் தாடையானாலும் கடைசிப் பல் வரை மூடியிருக்க வேண்டும். முன்பல் நான்கை மட்டும் மூடும் சின்ன கார்டுகள் உண்டு, வசதிதான். ஆனால் அவற்றை மாதக்கணக்கில் தினமும் போட்டால் எதிலும் முட்டாத கடைவாய்ப் பற்கள் மெல்ல மெல்ல வளர்ந்து இறங்கிவிடும், பிறகு முன்பற்கள் சேரவே சேராது. அதைத் திருப்புவது பெரும்பாடு.

செய்ய வேண்டிய வரிசையும் முக்கியம். பெயர்ந்த ஃபில்லிங்கை முதலில் சரிசெய்யுங்கள், அளவெடுப்பது அதற்குப் பிறகுதான். கார்டு வந்த பிறகு ஃபில்லிங்கோ கேப்போ மாற்றினால் அந்தப் பல்லில் கார்டு உட்காராது.

அதற்கும் முன்னால் குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுகிறாரா, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுகிறதா, ரத்த அழுத்தம் உண்டா என்று பாருங்கள். இருந்தால் கார்டுக்கு முன் தூக்கப் பரிசோதனை. தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ள சிலருக்கு மேல்தாடைக் கார்டு அதை இன்னும் மோசமாக்கும். அவர்களுக்குக் கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைக்கும் வேறு கருவி இருக்கிறது, அதைத் தூக்க மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா? ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ரலின், வென்லாஃபாக்ஸின் போன்றவை சிலருக்குப் பல் கடிப்பதைத் தூண்டும். அப்படியானால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

லேப்_மேசை

டாக்டர் எல்லாம் சொல்லிட்டார். லேப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்றேன், ஏன்னா கார்டு சரியா உட்காரலைன்னா பாதி நேரம் தப்பு அளவெடுத்த முதல் அஞ்சு நிமிஷத்துலதான் இருக்கும்.

அளவெடுக்கிற மாவு, அதாவது ஆல்ஜினேட், உள்ளே முக்கால்வாசிக்கு மேல தண்ணி. வாயிலிருந்து எடுத்ததுமே காய ஆரம்பிச்சுச் சுருங்கும். 15 நிமிஷத்துக்குள்ள அதுல கல் மாவு (பல் அச்சு வார்க்கிற மாவு) கரைச்சு ஊத்திடணும். முடியலைன்னா ஈரத் துணி சுத்தி மூடின பையில வைக்கலாம், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். தண்ணிக்குள்ள முக்கி வெச்சா ஊதிடும், அது இன்னொரு தப்பு. ட்ரேயை வெளியே எடுக்கும்போது ஒரே வெட்டா இழுக்கணும். ஆட்டி ஆட்டி எடுத்தா பல்லோட பக்கச் சுவர் கிழிஞ்சு அகலமாயிடும், கார்டு லொடலொடன்னு வரும்.

கல் மாவு 100 கிராமுக்குத் தண்ணி 30 மில்லி. அதைவிடக் கெட்டியான ரகத்துக்கு 22லிருந்து 24. கண்ணளவுல ஊத்தினா அச்சு மிருதுவாயிடும், வேலை செய்யும்போதே பல் முனை உரசிப் போயிடும். குறைஞ்சது முக்கால் மணி நேரம் இறுகவிட்டுத்தான் பிரிப்போம். பிரிச்சதும் கடிக்கிற பரப்புல சின்னச் சின்ன உருண்டை தெரியுதான்னு பார்க்கணும், காத்துக் குமிழ் பதிஞ்சது. அதைச் சுரண்டி எடுக்காம கார்டு செஞ்சா உங்க வாயில அது உட்காராம ஆடும். ஸ்கேனர்ல அளவெடுத்தா இந்தத் தொல்லை எல்லாம் கிடையாது. ஆனா கடைசிப் பல்லுக்குப் பின்பக்கம் ஸ்கேன் விட்டுப்போறது அதுல அடிக்கடி நடக்கும்.

கடி அளவு தனியா எடுக்கணும். சாதாரணமா "நல்லா கடிங்க"ன்னு எடுத்தது பத்தாது. கார்டு எவ்வளவு கனம் வரணுமோ அவ்வளவு வாயைத் திறந்த நிலையில, தாடைத் தசை தளர்ந்து இருக்கும்போது எடுக்கணும். கடைவாய்ல 1.5 முதல் 2 மி.மீ. இடைவெளி இருந்தாப் போதும். கீல் கணக்குப்படி முன்பல் பக்கம் அதைவிட ரெண்டு மூணு மடங்கு திறந்துக்கும். மூடின கடியை அனுப்பிட்டு, நாங்க ஆர்டிகுலேட்டர்ல (மேல், கீழ் அச்சைத் தாடை மாதிரி மாட்டுற கருவி) ஊசியை ஏத்தித் திறந்தா அது உங்க தாடை திறக்கிற வட்டத்துல திறக்காது. வாயில வெச்சா ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்கும், டாக்டர் ஒரு மணி நேரம் ராவணும்.

செய்யற விதம் மூணு நாலு இருக்கு. மெழுகுல வடிவம் கட்டி, அக்ரிலிக் அடைச்சு, 74 டிகிரி வெந்நீர்ல 8 மணி நேரம் வேகவைக்கிறது பழைய முறை. இல்லைன்னா 74ல 2 மணி நேரம், அப்புறம் கொதிநீர்ல 1 மணி நேரம். அவசரப்பட்டு எடுத்ததுமே கொதிக்கவிட்டா, அக்ரிலிக்குல கலந்திருக்கிற திரவமும் 100 டிகிரி பக்கத்துலதான் கொதிக்கும், கனமான இடத்துல குமிழ் நிக்கும். வெளிச்சத்துல பிடிச்சா உள்ளே ஊசிமுனை மாதிரி புள்ளிகள் தெரியும். அந்தக் கார்டு அங்கேதான் விரிசல் விடும். வெந்ததும் தானா ஆறவிடணும், சூட்டோட பிரிச்சா கோணிக்கும். இப்ப கெட்டிக் கட்டியை மெஷின்ல குடைஞ்சு எடுக்கிறாங்க. ஏற்கனவே நல்லா வெந்த அக்ரிலிக், கோணல் வராது. என் பார்வையில இன்னைக்கு இதுதான் முதல் தரம். 3டி பிரின்ட் வேகமா வரும். ஆனா அதைப் புற ஊதா ஒளியில முழுசா இறுக வைக்காம கொடுத்தா வாசனை அடிக்கும், சீக்கிரம் உடையும்.

உள்ளே மெத்து வெளியே கெட்டின்னு ரெண்டு அடுக்குத் தகடும் இருக்கு. போட்டுக்க சுகமா இருக்கும். ரொம்பக் கடிக்கிறவங்களுக்கு நாளாக ஆக அடுக்கு பிரியும், இடையில அழுக்கு இறங்கும்.

தல்லாகுளம்_வாசகி

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. மூச்சுத் திணறி எழுவதை நான் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன், குறட்டைதானே என்று விட்டுவிட்டேன். முதலில் அதைப் பார்த்துவிடுகிறோம். டாக்டர், கார்டு வந்த அன்று பொருத்தும்போது சரியாகப் பொருத்துகிறார்களா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

செயற்கைப்பல்_மருத்துவர்

மூச்சுத் திணறல் பார்த்ததாகச் சொன்னது முக்கியமான செய்தி. எத்தனை தடவை, எந்த நேரம் என்று குறித்துக்கொண்டு போங்கள். முடிந்தால் செல்போனில் ஒரு நிமிடம் படம் பிடித்துக் காட்டுங்கள்.

பொருத்தும் நாளைப் பற்றிக் கேட்டது நல்லது. கார்டு செய்வதைவிட அன்றைக்கு நாற்காலியில் நடப்பதுதான் பெரிய வேலை. வாங்கி வாயில் வைத்து "சரியா இருக்கா, சரி போங்க" என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பினால் அது பொருத்தியதே ஆகாது.

முதலில் ஆட்டம். இடப்பக்கக் கடைவாயில் ஒரு விரலால் அழுத்தினால் வலப்பக்கம் எழும்பக் கூடாது. விரலால் அழுத்தி உட்கார வைக்க வேண்டும், கடித்து உட்கார வைக்கக் கூடாது. எந்தப் பல்லிலாவது இறுக்கம் நிமிடக்கணக்கில் விடாமல் இருந்தால் உள்பக்கத்தில் அந்த இடத்தைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். முதல் நாள் லேசான இறுக்கம் இயல்பு. கன்னப் பக்கம் பல்லின் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மூடினால் போதும், ஈறைத் தொடக் கூடாது.

பிறகு கலர் பேப்பர். நீலத் தாளை வைத்து டக் டக்கென்று தட்டிக் கடிக்கச் சொல்வார்கள். கார்டின் மேல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சின்ன நீலப் புள்ளி விழ வேண்டும். புள்ளி வளையமாக, நடுவில் வெளிறிப்போய் விழுந்தால் அங்கே அழுத்தம் மிகுதி. அழுத்திய இடத்தில் மை ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. அந்த வளையத்தைத்தான் தேய்க்க வேண்டும். பெரிய கறையைப் பார்த்து அதைத் தேய்ப்பது தவறு. மை பரவலாக ஒட்டியதாலேயே அழுத்தம் அதிகம் என்று ஆகாது. அடுத்து சிவப்புத் தாள், இடம், வலம், முன் என்று தேய்க்கச் சொல்வார்கள். கோரைப்பல் பக்கத்தில் மட்டும் சிவப்புக் கோடு ஓட வேண்டும். கடைவாயில் சிவப்பு விழுந்தால் அது இடறுகிறது, எடுக்க வேண்டும். நீலப் புள்ளியை விட்டுவிட்டுச் சிவப்பை மட்டும் எடுப்பதில்தான் கைப்பக்குவம். கடைசியாக 8 மைக்ரான் கனமுள்ள உலோகத் தாளைக் கடிக்க வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பல்லிலும் அது பிடித்து நிற்க வேண்டும். இதற்கு நன்றாகவே அரை மணி நேரம் ஆகும்.

ஒரு வாரத்தில் மறுபடி போக வேண்டும். தசை தளர்ந்ததும் தாடை வேறு இடத்தில் போய் உட்காரும், புள்ளிகள் மாறியிருக்கும். அப்புறம் ஒரு மாதம், மூன்று மாதம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இந்த மறுபடிப் போவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வலி குறையாமல் போகும் கார்டுகளில் நிறைய இப்படிச் சரிபார்க்காமல் விட்டவைதான்.

காலையில் கழற்றியதும் சில நிமிடங்கள் பல் சேராத மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேலும் அப்படியே இருந்தாலோ, முன்பற்களுக்கு நடுவில் புதிதாக இடைவெளி தெரிந்தாலோ, கார்டை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். தூக்கத்தில் கழற்றிப் போட்டுவிடுவார். அதற்கும் வழி உண்டு. படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரம் விழித்திருக்கும்போதே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் வாய் பழகிவிடும். எச்சில் கூடுதலாக ஊறுவதும் அதற்குள் அடங்கும்.

தாடைப்பயிற்சி

கார்டு இரவுக்கு. பகலில் பல்லை இறுக்குவதை யாரும் இங்கே சொல்லவில்லை. கம்ப்யூட்டர் முன்னாலும் வண்டி ஓட்டும்போதும் இறுக்கிக்கொண்டே இருப்பவருக்குக் கார்டு மட்டும் வலியைத் தீர்க்காது.

சாப்பிடுவது, விழுங்குவது எல்லாம் சேர்த்தே ஒரு நாளில் பற்கள் ஒன்றையொன்று தொட வேண்டிய நேரம் அரை மணிக்கும் குறைவு. மீதி நேரம் உதடு மூடியிருக்கலாம், பற்கள் தொடக் கூடாது. நாக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதற்குத் தமிழிலேயே எளிய வழி இருக்கிறது. 'ன' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு நுனி மேல்முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால் மேட்டைத் தொடும். அங்கேயே ஓய்வாக வைத்துக்கொள்ள வேண்டும். 'த' சொல்லும் இடம் வேண்டாம், பல்லைத் தள்ளும். 'ண' சொல்லும் இடம் ரொம்பப் பின்னால். நுனி 'ன' இடத்தில் தளர்வாக இருக்கும்போது பல்லை இறுக்குவது கடினம். போன் திரையிலும் ஸ்டியரிங்கிலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள், பார்க்கும்போதெல்லாம் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

காலை வலிக்கு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்திலும் பொட்டிலும் 15 நிமிடம். பிறகு கன்ன எலும்புக்குக் கீழே தசை திரளும் இடத்தை இரண்டு விரலால் மேலிருந்து கீழாக மெல்ல நீவிவிட வேண்டும். சூயிங்கம் நிறுத்தட்டும். மாலைக்கு மேல் காபி, இரவில் மது, புகை, மூன்றும் பல் கடிப்பதைக் கூட்டும்.

சின்னவன்_அம்மா

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் ஆறு வயதுப் பையனும் கடிக்கிறான். வயிற்றில் பூச்சி என்று மாமியார் சொல்கிறார். அவனுக்கும் கார்டு வேண்டுமா?

செயற்கைப்பல்_மருத்துவர்

வேண்டாம் அம்மா. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் வயதில் கார்டு போட்டால் பல் வரிசைக்கும் தாடை வளர்ச்சிக்கும் இடைஞ்சல். பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரத் தானாக நின்றுவிடும். பல் கடிப்பதை வைத்தே பூச்சி இருக்கிறது என்று சொல்ல முடியாது. பூச்சி மருந்து அதற்குரிய காரணத்துக்குக் கொடுக்கலாம், பல் கடிப்பு நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாயைத் திறந்து தூங்குகிறானா, குறட்டை விடுகிறானா என்று மட்டும் பாருங்கள். அப்படியானால் மூக்கின் பின்புறச் சதையையும் டான்சிலையும் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

லேப்_மேசை

பராமரிப்பு பத்தி யாரும் எழுதலை. காலையில கழற்றினதும் பச்சைத் தண்ணி, மென்மையான பிரஷ், ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட். டூத்பேஸ்ட் வேண்டாம், அதுல இருக்கிற பொடி அக்ரிலிக்கைக் கீறும், கீறலுக்குள்ள அழுக்கு குடியேறி மஞ்சளாயிடும். வெந்நீர் படவே கூடாது. கார் டேஷ்போர்டுல விட்டுட்டுப் போறதும் வெந்நீர்ல போடுறதும் ஒண்ணுதான், வளைஞ்சிடும். வெள்ளையாப் படியற காரைக்கு வாரம் ஒரு தடவை பல்செட் மாத்திரையில 15 நிமிஷம். காத்து போற ஓட்டையுள்ள டப்பாவுல, ஈரம் துடைச்சு வைக்கணும். டிஷ்யூ பேப்பர்ல சுத்தி வெச்சா யாராவது குப்பைன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. வீட்டுல நாய் இருந்தா எட்டாத உயரத்துல வைங்க, எச்சில் வாசனைக்கு அது கடிச்சுக் குதறிடும்.

அப்புறம், கார்டு செஞ்ச கல் அச்சை டாக்டர்கிட்ட கேட்டு வாங்கி வைங்க. அந்த அச்சுல இருக்கிற பல்லு மாறாம இருந்தா, கார்டு விரிசல் விடும்போது பழுது பார்க்க அது உதவும். ஸ்கேன்ல செஞ்சிருந்தா ஃபைலைக் கேளுங்க. பழைய ரப்பர் கார்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க, அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது எடுத்துட்டுப் போங்க. ஓட்டை எந்த இடத்துல, எந்தத் திசையில இழுபட்டிருக்குன்னு பார்த்தாலே உங்க கணவர் எந்தப் பக்கம் அதிகமாத் தேய்க்கிறார்னு தெரிஞ்சுடும்.